கல்யாணப் பத்திரிகையும் நீலப் பெட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கும்பகோணத்தில் 22 ஆண்டுகளாகக் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்து அச்சிட்டுத் தருகிறேன். பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பிப் பணம் பறிக்கும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் உறுத்துகிறது. அந்தத் திருடர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் தொழிலுக்கு வேண்டிய எழுத்துரு மாற்றி, தமிழ் விசைப்பலகை போன்றவை பெரும்பாலும் தனியாட்கள் எழுதி இலவசமாகத் தருபவை. நிறுவப் போனால் விண்டோஸ் நீலப் பெட்டியைக் காட்டி மறிக்கும். வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை என்னும். ஆண்டுதோறும் பணம் கட்டி டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் வாங்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதிகம் பேர் பதிவிறக்காத புதுக் கோப்புக்கும் இதே பெட்டிதான். ‘இவரை எனக்குத் தெரியாது’ என்பதற்கு மேல் கணினி எதுவும் சொல்லவில்லை. நானோ கடைப் பையன்களிடம், “அதையெல்லாம் படிக்காதே, ‘மேலும் தகவல்’, பிறகு ‘எப்படியும் இயக்கு’, அழுத்திக்கொண்டே போ” என்று பாடமே நடத்தியிருக்கிறேன்.

சென்ற ஆவணிக் கடைசி முகூர்த்த நெருக்கடியில் ஒரு பையனின் போனுக்கு அப்படியொரு ‘பத்திரிகை’ வந்தது. வாட்ஸ்அப்பிலிருந்து செயலி நிறுவ அனுமதிக்கலாமா என்று போன் கேட்டது. அனுமதித்தான். குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்று கேட்டது. அதற்கும் சரி என்றான். ஓடிபி எல்லாம் எங்கோ போயிற்று. அவன் அப்பா கொள்முதல் நிலையத்தில் குறுவை நெல் போட்ட பணம் கணக்கில் ஏறி இரண்டு நாள்கூட ஆகவில்லை. 18,000 ரூபாய் காணோம். இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தோம். “நீங்கள் சொல்லிக்கொடுத்தபடிதானே அண்ணே அழுத்தினேன்?” என்றான். என்னால் வாய் திறக்க முடியவில்லை.

பத்திரிகை என்றால் படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும், காணொலியாக வரும். நிறுவச் சொல்லும் பத்திரிகையை எந்த அச்சகமும் செய்வதில்லை.

தமிழ் மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: கோப்புடன், அதன் கைரேகை போன்ற 64 எழுத்து எஸ்எச்ஏ-256 குறியீட்டையும் உங்கள் தளத்தில் போடுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் (certutil) கட்டளையால், கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்வோம். தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற அரசு அமைப்பு இம்மென்பொருள்களைச் சோதித்துக் கையொப்பமிட்டு ஓரிடத்தில் வைத்தால், நல்ல தமிழ் மென்பொருளுக்காக எச்சரிக்கையை மீறும் பழக்கமே எங்களுக்கு வராது.

இப்படிக்கு,
ஓர் அச்சகத்தார், கும்பகோணம்