952-இல் மிச்சம் 58

அன்புள்ள சண்முகம்,

எட்டு மாதமாகப் பதில் போடாதவன் செர்பியாவிலிருந்து எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். மகள் வீட்டில் அனைவரும் நலம். முழங்கால் பரவாயில்லை. சீட்டுக் கடன் நினைவிருக்கிறது.

நேற்று நீஷ் நகருக்குப் போனோம். அங்கே ஒரு சிறு தேவாலயத்துக்குள் மண்டையோடுகள் பதித்த கோபுரம் இருக்கிறது. கராஜோர்ஜே தலைமையில் 1804-இல் செர்பியர்கள் துருக்கியரை எதிர்த்துக் கிளம்பினார்களே, அந்த எழுச்சியின் மிச்சம். 1809 மே 31 அன்று செகார் குன்றின் காப்பரணில் ரெசாவா பகுதி ஆட்களோடு நின்றவன் ஸ்டெவான் சிந்ஜெலிச். எதிரிகள் உள்ளே புகுந்து நிரம்பியதும் வெடிமருந்தில் சுட்டுவிட்டான். வந்தவன், நின்றவன் எல்லோரும் சேர்ந்தே சிதறினார்கள். துருக்கியத் தளபதி ஹூர்ஷித் பாஷா செத்த செர்பியர்களின் தலைத்தோலை உரித்துச் சுல்தானுக்கு அனுப்பிவிட்டு, மண்டைகளைச் சாலையோரக் கோபுரத்தில் பதிக்கச் சொன்னான். 952 மண்டைகள்.

நீ இந்நேரம் வெண்பா எழுத உட்கார்ந்திருப்பாய். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சுற்றியிருந்த காப்பரண்களில் மற்றத் தளபதிகள் ஆட்களோடு இருந்தார்கள், சண்முகம்! யார் பெரியவன் என்று மிலோயே பெத்ரோவிச்சுக்கும் பேதார் டோப்ரன்யாட்ஸுக்கும் ஏற்கெனவே பகை. சிந்ஜெலிச்சுக்கு உதவி வரவேயில்லை. நம் சங்கத் தேர்தலேதான். இங்கே ஆள் செத்தது, அவ்வளவே வித்தியாசம்.

1833-இல் அவ்வழியே போன பிரெஞ்சுக் கவிஞர் லமார்த்தீன், சில மண்டைகளில் ஒட்டியிருந்த முடி காற்றில் அசைந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார். மேலே தேவாலயம் எழுந்தது 1892-இல்தான். இன்று மிச்சம் 58. மற்ற இடமெல்லாம் வெறும் குழிகள். மழையில் உதிர்ந்தவை போக, பலவற்றை உறவினர்கள் இரவோடு இரவாகப் பெயர்த்துப்போய்ப் புதைத்தார்களாம்.

அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தோலில்லாத மண்டை, கும்மிருட்டு, பக்கத்திலேயே காவல். இது என் அப்பா என்று எப்படிக் கண்டுபிடித்திருப்பான்? கிடைத்ததைப் பெயர்த்துக்கொண்டு ஓடினானோ? யாருடைய அப்பாவுக்கோ அழுது புதைத்தானோ?

மகளிடம் கேட்டேன். பல்லைத் தடவிப் பார்த்திருப்பார்கள் என்றாள். பல் மருத்துவர் வேறென்ன சொல்வாள்? ஆனாலும் அங்கே நின்றபடியே என் முன்பல்லை நாக்கால் தடவிப் பார்த்தேன். கிட்டிப்புள்ளால் நீ உடைத்த மூலை அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த மாதம் வருகிறேன். ராஜத்திடம் அடை வார்க்கச் சொல்.

உன்,
வேலு