சைக்கிளை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

போன இதழில், 1954இல் வியட்நாமில் பிரெஞ்சுப் படை தோற்ற தியன் பியன் பூ சண்டையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல வேகமான நடைதான், ஆனால் 'காட்டுக்குள் பதுங்கியிருந்த கெரில்லாக்கள் திடீரென்று பாய்ந்து பிரெஞ்சுக்காரர்களைத் துரத்தினார்கள்' என்ற தொனி எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே திடீரென்று எதுவுமே நடக்கவில்லை. மாதக்கணக்கில் சுமந்தார்கள், தோண்டினார்கள், அப்புறம் 56 நாள் முற்றுகையிட்டுச் சண்டை போட்டார்கள்.

பிரெஞ்சுப் படை 1953 நவம்பர் 20 அன்று பாராசூட்டில் போய் அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியது. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடிய வியட்நாமியரின் வியட் மின் படையை வெளியே இழுத்து வந்து அங்கேயே நசுக்கிவிடலாம் என்பது தளபதி நவார் போட்ட கணக்கு. சுற்றிலும் மலை, சாலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, இதில் கனரக பீரங்கியை எவன் கொண்டுவரப் போகிறான் என்று நினைத்துவிட்டார்கள். மொத்தத் திட்டமும் அந்த ஒரு நினைப்பின் மேல்தான் நின்றது.

கொண்டுவந்தார்கள். லாரி போன இடம் வரை லாரி, மற்ற இடங்களில் ஆள்களும் சைக்கிளும். சுமார் இரண்டரை லட்சம் பேர் சுமைகாரர்களாக வேலை செய்தார்கள் என்கிறது வியட்நாம் கணக்கு. நான் இருபது வருஷம் சைக்கிள் கடை வைத்திருந்தவன், அதனால் இந்த இடம் எனக்குக் கொஞ்சம் இனிக்கும். அந்த சைக்கிளை யாரும் ஓட்டவில்லை, தள்ளித்தான் போனார்கள். ஹேண்டில்பாரில் ஒரு மூங்கிலைக் கட்டி நீட்டிக்கொள்வது, சீட்டுக்குப் பின்னால் இன்னொரு கம்பை நட்டுக்கொள்வது, ஒரு கை திருப்ப, ஒரு கை தள்ள. ஃபிரேம் வளையாமலிருக்க மரக்கட்டை, டயருக்குள்ளே கிழிந்த துணி. இப்படி ஒரு வண்டியில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றினார்கள்! என் கடைக்கு வரும் ஆள்கள் ஒரு மூட்டை அரிசி வைத்ததற்கே ரிம் வளைந்துவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள். அந்த வண்டிகளில் பிரான்சிலேயே செய்த பூஜோ சைக்கிள்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கட்டுரையில் அறவே இல்லாத இன்னொரு விஷயம் ஜனவரி மாதம். வியட் மின் தளபதி கியாப் (ஹனோயில் சரித்திர வாத்தியாராக இருந்தவர்) 1954 ஜனவரி கடைசியில் தாக்குவதாக இருந்தார். பீரங்கிகளைக் கையால் கயிறு கட்டி மலைமேல் இழுத்து வைத்தாயிற்று, ஆள்கள் துடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் வேண்டாம், எல்லாவற்றையும் திரும்ப இழுங்கள் என்றார். 'வேகமாக அடி, வேகமாக ஜெயி' என்றிருந்த கோஷம் 'உறுதியாக அடி, உறுதியாக முன்னேறு' என்று மாறியது. அப்படித் திரும்ப இழுக்கும்போதுதான் சரிந்து வந்த பீரங்கியின் அடியில் தன் உடம்பைக் கொடுத்துத் தடுத்தார் தோ வின் தியன் என்ற வீரர். என்னைக் கேட்டால் அந்தச் சண்டை ஜெயித்தது மே மாதத்தில் அல்ல, ஜனவரியில். ஏற்றிய பீரங்கியை இறக்கச் சொல்ல எத்தனை தளபதிகளுக்கு மனசு வரும்?

மார்ச் 13 அன்று குண்டு விழ ஆரம்பித்தது, பியாட்ரிஸ் என்று பெயர் வைத்திருந்த குன்று அன்று ராத்திரியே போயிற்று. மலையிலிருந்து சுடும் பீரங்கிகளை அடக்கிவிடுவேன் என்று உறுதி கொடுத்திருந்த பிரெஞ்சு பீரங்கித் தளபதி பிரோத், ஒரு கை இல்லாதவர், இரண்டு மூன்று நாளில் பதுங்குகுழியில் கையெறி குண்டை வெடித்து உயிரை மாய்த்துக்கொண்டார். மார்ச் கடைசிக்குள் விமான ஓடுதளமும் உதவாமல் போயிற்று, அதற்கப்புறம் சாப்பாடும் குண்டும் பாராசூட்டில்தான், அதிலும் ஒரு பங்கு எதிரி கையில் விழுந்தது. மே 7 சாயங்காலம் எல்லாம் முடிந்தது. மறுநாள் ஜெனீவா மாநாட்டில் இந்தோசீனப் பேச்சு தொடக்கம்!

இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பிரெஞ்சுப் படையில் பிடிபட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஊர் திரும்பவில்லை, அதையும் உங்கள் கட்டுரை தொடவில்லை. அவர்கள் எல்லாரும் பிரெஞ்சுக்காரர்களும் அல்ல. அல்ஜீரியர், மொராக்கோக்காரர், வியட்நாமியரே கூட.

கடைசியாக, 'இந்தத் தோல்வியால்தான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போனார்கள்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார் கட்டுரையாளர். புதுச்சேரிக்காரனாக இதை ஒப்புக்கொள்ள முடியாது. இங்கே மேயர்களும் ஆலோசகர்களும் இந்தியாவோடு சேரத் தீர்மானம் போட்டது மார்ச் 18, அங்கே சண்டை தொடங்கி ஐந்தே நாள், யார் ஜெயிப்பார்கள் என்று எவருக்கும் தெரியாத நேரம். தோல்வி பாரிசின் பிடிவாதத்தைத் தளர்த்தியது, சரி, ஆனால் அதே வருஷம் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஓட்டுப் போட்டதற்குப் பின்னால் இங்கே நடந்த போராட்டம் இருக்கிறது. எங்கள் தெருவில் சைகோனில் பட்டாளத்தில் இருந்து வந்த ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படை வீரர்) தாத்தா இருந்தார், பிரான்சிலிருந்து பான்சியோன் (ஓய்வூதியம்) வாங்கியவர். புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்த நாளான நவம்பர் 1 வந்தால் வாசலில் தேசியக்கொடி கட்டுவார். 1954இல் அதே நவம்பர் 1 அன்றுதான் பிரான்சின் பிடியிலிருந்த அல்ஜீரியாவிலும் விடுதலைக்காகத் துப்பாக்கி வெடித்தது என்று நான் ஒருமுறை சொன்னபோது, "அங்கேயுமா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

அடுத்த இதழில் ஜனவரி விஷயத்தையாவது நாலு வரி போடுங்கள்.

— ஒரு பழைய வாசகன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.