அப்பாவுக்கு, ஒரு இடது கைக்காரரைப் பற்றி

சான் ஹோசே, கலிபோர்னியா
செப்டம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நான் சுகம். போன வாரம் நான் கூப்பிட்டபோது நீங்கள் போனை வாங்கவில்லை. நாலு ஞாயிறாகக் கோவிலுக்கும் போகவில்லை என்று அம்மா சொன்னார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்டது. "நான் யாருக்கு என்ன கேடு செய்தேன்?" என்றீர்கள். எனக்கு அப்போது வார்த்தையே வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் நீங்கள் இரண்டு தடவையாவது வாசிப்பீர்கள்.

எனக்கு வாரத்துக்கு மூன்று நாள் வேலை, காலை ஏழிலிருந்து இரவு ஏழரை வரை. பக்கவாதம் வந்தவர்களும் கை கால் எடுத்தவர்களும் இருக்கிற வார்டு. ஒரு கரண்டியைப் பிடிக்க அரை மணி நேரம் போராடுகிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போதெல்லாம் ஸ்ட்ரோக்கில் விழுந்துபோன உங்கள் இடது கைதான் ஞாபகத்துக்கு வருகிறது. பள்ளிக்கூட மைதானத்தில் அந்தக் கை எத்தனை ஸ்டம்பைப் பிடுங்கியிருக்கிறது!

வீட்டுக்காரத் தாத்தாவைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன் அல்லவா? பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலையில் அவர் காரில்தான் ஆராதனைக்குப் போகிறேன். நம் ஊர் மாதிரி கீர்த்தனை கிடையாது, சபையாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனம் கிடையாது. பாட்டு வரிகள் திரையில் ஓடும், முடிந்ததும் காப்பி கொடுப்பார்கள். முதல் மாதங்களில் அந்தக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் பேசுவது என்று தெரியாமல் நிற்பேன். இப்போது பரவாயில்லை.

அவர்தான் என்னை பேஸ்பால் பார்க்க ரயிலில் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கூட்டிப் போனார். கடலை ஒட்டின மைதானம். பூண்டு போட்டுப் பொரித்த உருளைக்கிழங்கு வாசனை எங்கும். வெயில் காலம் என்று பேர், ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியவில்லை. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பிட்சர்தான் இங்கே பவுலர். ஆனால் ஓடி வருவதில்லை. நடுவில் ஒரு சின்ன மண்மேட்டில் நின்றபடி எறிகிறார். பந்து தரையில் குத்துவதே இல்லை. ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். அடித்தவர் அவுட் ஆகாமல் ஓடிச் சேர்ந்தால் அது ஹிட், நம் சிக்ஸர் மாதிரி பந்து வெளியே போனால் ஹோம் ரன். கையை மடக்கி எறியலாம், நோ-பால் கிடையாது. 60 அடி 6 அங்குல தூரம். அத்தனை வேகமும் தோளிலும் மேல்கையிலும்தான் இறங்குகிறது.

அன்றைக்கு ஒரு இடது கைக்காரர் எறிய வந்தார். தாத்தா என் பக்கம் திரும்பி, "உனக்கு டேவ் டிராவெக்கி தெரியுமா?" என்றார். அப்புறம் ஆட்டத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

டிராவெக்கியும் ஒரு இடது கை பிட்சர். 1956-இல் ஒஹாயோவில் பிறந்தவர். 1981-இல் சின்ன லீக்கில் ஆடிக்கொண்டிருந்தபோது, கூடத் தங்கியிருந்த ஆட்டக்காரர் ஒருவரோடு வேதத்தை வாசிக்கப்போய் கர்த்தரிடம் வந்தவர். சான் டியாகோ அணிக்கு ஆடி, 1987-இல் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுக்கு வந்தார். அந்த வருஷப் பிளே-ஆஃபில் செயின்ட் லூயிஸ் அணிக்கு ஆட்டம் முழுவதும் இரண்டே ஹிட் கொடுத்து, ஒரு ரன்கூட விடாமல் ஜெயித்தார். அந்தச் சமயத்தில்தான் இடது மேல்கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. 1988 அக்டோபரில் கிளீவ்லாந்தில் ஆபரேஷன். தோள் தசையில் பாதியை வெட்டி எடுத்தார்கள். கட்டி எலும்பை ஒட்டியிருந்ததால் எலும்பையும் உறைய வைத்துச் சிகிச்சை செய்தார்கள். இனி பந்து வீசுவது நடக்காத காரியம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பத்தே மாதம். 1989 ஆகஸ்ட் 10, சின்சினாட்டிக்கு எதிரான ஆட்டம். அன்றைக்குத் தாத்தா பழைய கேண்டில்ஸ்டிக் பார்க்கில் உட்கார்ந்திருந்தாராம். 34,000-க்கும் மேல் ஜனம், டிராவெக்கி மேட்டுக்கு நடந்து வந்ததுமே எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஏழு இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட். எட்டாவதில் மூன்று ரன் ஹோம் ரன் ஒன்று போனது, ஆனாலும் 4-3 என்று ஜயண்ட்ஸ் ஜெயித்தது. முடிந்ததும் அவர் முதலில் கர்த்தருக்குத்தான் நன்றி சொன்னாராம்.

நம் சபையில் சாட்சி சொல்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். தாத்தா நிறுத்தவில்லை.

ஐந்து நாள் கழித்து மான்ட்ரியலில் ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸில் டிம் ரெயின்ஸ் என்ற பேட்ஸ்மேனுக்கு எறிந்த பந்து எங்கோ போனது, டிராவெக்கி கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார். மேல்கை எலும்பு முறிந்த சத்தம் மைதானத்தில் கேட்டதாம். அக்டோபரில் அணி லீக் பட்டத்தை ஜெயித்த கொண்டாட்டக் கூட்டத்தில் யாரோ பின்னாலிருந்து மோத, அதே கை மறுபடியும் முறிந்தது. கட்டி திரும்பி வந்தது. ஆபரேஷன், கதிர்வீச்சு, புண்ணில் சீழ். 1991 ஜூன் 18-ஆம் தேதி இடது கையைத் தோளோடு எடுத்துவிட்டார்கள்.

அப்பா, அவரும் அவர் மனைவியும் அதற்குப் பிறகு மன அழுத்தத்தில் விழுந்ததை ஒளிக்கவில்லை. கோபம் வந்தது, ஏன் என்று கேட்டது, ஒன்றும் பிடிக்காமல் கிடந்தது எல்லாவற்றையும் வெளியே சொன்னார்கள். பிறகுதான் இருவரும் சேர்ந்து, புற்றுநோய் வந்தவர்களுக்கும் கை கால் இழந்தவர்களுக்கும் துணையாக ஒரு ஊழியம் ஆரம்பித்தார்கள்.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது ஆகஸ்ட் 10 இல்லை. ஆகஸ்ட் 15-க்குப் பிறகும் அந்த மனுஷன் ஜெபிப்பதை விடவில்லையே, அதுதான். கை இருந்தால் விசுவாசம், போனால் இல்லை என்று அவர் கணக்குப் போடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், உங்களுக்கு ஸ்ட்ரோக் வந்த ராத்திரி நான் அப்படித்தான் ஜெபித்தேன். அப்பாவின் கை திரும்பி வந்தால் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று பேரம் பேசினேன். இப்போது அப்படி ஜெபிக்கிறதில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்றுதானே ஆண்டவர் சொன்னார். நீங்கள் ஒரு கேடும் செய்யவில்லை அப்பா. இதை யார் வேறு மாதிரி சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கோவிலுக்குப் போக மனசில்லை என்றால் நம் சபை ஐயர் ஐயாவை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கோபமாகவே பேசுங்கள், அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் பிசியோதெரபியை மட்டும் விடாதீர்கள். அந்தப் பையன் வரும்போது தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்கிறீர்களாமே. அம்மா எல்லாம் சொல்லிவிட்டார்கள்.

கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வருகிற ஒருவரிடம் ஒரு பேஸ்பால் கொடுத்துவிடுகிறேன். உங்கள் கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் லேசு. வெள்ளைத் தோல், சிவப்பு நூலில் 108 தையல், நேர்கோடாக ஓடாமல் வளைந்து வளைந்து போகும். அம்மா அதை உங்கள் இடது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிடட்டும். சுட்டுவிரலும் நடுவிரலும் தையல்மேல் படட்டும், அது எந்த இடம் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து எண்ணும்வரை பிடியுங்கள். கீழே விழுந்தால் அம்மா எடுத்துத் தருவார்கள்.

அடுத்த சனிக்கிழமை கூப்பிடுவேன். போனை நீங்களே எடுங்கள்.

உங்கள் அன்பு மகள்