ஊசிக்கு முன்னால் மூத்திரத்தைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலைப் பக்கம் கால்நடை மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மழை தொடங்கிவிட்டால் காலிக் குப்பியோடு கடைக்கு வருகிறவர்கள் அதிகம். "போன மழைக்கு கன்னுக்கு இதத்தான் போட்டாவ பிள்ளே, கழிச்சல் நின்னுட்டு. இதையே தா." பார்த்தால் ஜென்டாமைசின் என்கிற ஆன்டிபயாட்டிக் ஊசி. மருத்துவர் சீட்டு கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த மருந்து ஈரலில் உடையாது. போட்டபடியே சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கழிச்சலில் நீர் வற்றி, கண் குழிந்து கிடக்கும் கன்றுக்குச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமே குறைவு. முதல் ஊசி மருந்து வெளியேறும் முன்பே இரண்டாவது ஏறுகிறது. தங்கிய மருந்து சிறுநீரகக் குழாய்ச் செல்களில் சேர்ந்து அவற்றையே கெடுக்கிறது. கூடவே வலிக்கு மெலாக்சிகாமும் போட்டால் இன்னும் மோசம். முதலில் நீரேற்ற வேண்டும், ஊசி அப்புறம்.

எல்லா ஆன்டிபயாட்டிக்கும் இப்படி இல்லை. பென்சிலின் கொஞ்சம் தங்கினாலும் பெரும்பாலும் உடம்பு தாங்கும். டாக்சிசைக்ளின் பெரும்பகுதி குடல்வழி போய்விடும். எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் கெட்ட நாய்களுக்கு அது கைகொடுப்பது அதனாலும்தான். ஜென்டாமைசின் போட்டே ஆகவேண்டும் என்றால், அளவைக் குறைப்பதைவிட இடைவெளியை நீட்டுவதே வழக்கம். கிருமியைக் கொல்வது ரத்தத்தில் அது தொடும் உச்ச அளவு; ஊசியின் அளவைக் குறைத்தால் அந்த உச்சம் கிட்டாது. சரி, இதை மருத்துவர் முடிவு செய்யட்டும். எதை வைத்து?

சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினை ரத்தத்தில் பார்ப்பது மட்டும் போதாது. அது ரத்தத்தில் ஏறித் தெரிவதற்குள் சிறுநீரகத்தின் முக்கால்வாசி வேலை போயிருக்கும். மூத்திரத்தின் அடர்த்தியும் அதிலுள்ள புரதமும் பல சமயம் முன்பே காட்டிக்கொடுக்கும். அதற்கு வேண்டியது புரதம் காட்டும் பரிசோதனைப் பட்டையும் அடர்த்தி அளக்கும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டரும்தான். ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும், 1962-க்கு அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியிலும் இவை இருக்கட்டும்.

பால் விஷயமும் உண்டு. குப்பியில் அச்சிட்டிருக்கும் பால் நிறுத்தும் நாட்கள் ஆரோக்கியமான மாட்டுக்கான கணக்கு. சிறுநீரகம் மந்தமான மாட்டுக்கு அது போதாமல் போகலாம். கறிக்கு விற்பதானால், ஜென்டாமைசின் மாட்டின் சிறுநீரகத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். சொசைட்டியில் பால் ஊற்றுகிறவருக்கு இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

கருவி வாங்க நிதி வர நாளாகும் என்றால், இப்போதைக்குச் சீட்டில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: "எத்தனை நாள் பால் ஊற்றக்கூடாது. மூத்திரம் குறைந்தால் அடுத்த ஊசி வேண்டாம், கூப்பிடவும்." காலிக் குப்பியோடு வருகிறவரிடம் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரன், தக்கலை