கதவுப் பலகைகளுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று இரவு, பலகையைக் கதவோடு பிடிக்கும் கடைசிக் கிளிப்பும் 'டக்'கென்று உட்கார்ந்தது. என் பழைய காரின் நான்கு கதவுகளும் இப்போது முழுசாக இருக்கின்றன. கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்தபோதே கதவின் உள்பக்கத்தை மூடும் பழைய பலகைகள் உதவாது என்று தெரிந்துபோனது. புதிதாகச் செய்ய எனக்குத் தெரியாது. நீங்கள்தான் செய்ய வைத்தீர்கள்.

தச்சர் ஐயா, இடது கதவுக்கு வெட்டிய மாதிரி அட்டையை அப்படியே திருப்பி வலதுக்கும் வைக்கப் போன என் கையைப் பிடித்து, "தனித்தனியா அளந்து பாரு தம்பி" என்றீர்கள். பின்மூலையில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம்! மழைத் தண்ணீர் கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், ஹார்டுபோர்டு ஊறி உப்பிவிடும் என்று சொல்லி, 4 மில்லிமீட்டர் பிளைவுட் எடுக்க வைத்தீர்கள். இரு முகத்துக்கும் விளிம்புக்கும் மட்டுமல்ல, கிளிப் துளைகளின் உள்பக்கத்துக்கும் வார்னிஷ் பூசச் சொன்னீர்கள். பின்னால் ஒட்டிய பாலித்தீன் தாளும் உங்கள் யோசனைதான்.

சீட் தைக்கும் அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? நான் ஒட்டிய முதல் ரெக்சின் ஒரே நாள் வெயிலில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியதைப் பார்த்து நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. உரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தீர்கள். பசையை இரண்டு பக்கமும் தடவ வேண்டும், விரலில் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை பொறுக்க வேண்டும், நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போக வேண்டும். வளைவில் சூடு காட்டி இழுக்க வேண்டும். பின்பக்கம் மடிக்கும்போது மூலையில் வெட்டு விட்டால், அது விளிம்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிற்க வேண்டும். அந்தக் கடைசி விஷயம் தெரியாமல்தான் இரண்டு துண்டை வீணாக்கியிருந்தேன். சீட்டின் தையல் வரியோடு கதவின் வரி சேரவில்லை என்று நீங்களாகவே மூன்று முறை பிரித்துத் தைத்தீர்களே, அதை மறக்க மாட்டேன்.

ஸ்பீக்கரின் காந்தம் இறங்கும் கண்ணாடியில் இடிக்கும் என்று துளை போடுமுன் எச்சரித்த நண்பனுக்கும், இரவெல்லாம் டார்ச் பிடித்த அக்காவுக்கும் நன்றி.

பின்சீட்டின் பக்கவாட்டுப் பலகைகள் இரண்டு பாக்கி. அட்டை வெட்டி வைத்திருக்கிறேன், இந்த முறை இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்து. பிளைவுட்டில் கை வைக்குமுன் ஒருமுறை வந்து பார்த்துச் சொல்லுங்கள், ஐயா.