பிஜி மழையும் ஒரு தலைப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

‘பிஜியில் மழை 60 சதவீதம் குறையும்’ என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். பிஜியின் மேற்குக் கரை நகரான லவுடோகாவில் ஆறு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் நான். தலைப்பைப் பார்த்துத் திடுக்கிட்டேன். உள்ளே படித்தால், இயல்பைவிடக் குறைவாகப் பெய்வதற்கு 60 சதவீத வாய்ப்பு என்றிருக்கிறது. தலைப்பில் ‘வாய்ப்பு’ காணாமல் போய்விட்டது!

பருவ முன்னறிவிப்பில் முப்பது ஆண்டு மழைக் கணக்கை வரிசைப்படுத்தி, குறைந்த பத்து, நடுத்தரப் பத்து, மிகுந்த பத்து என்று பிரிப்பார்கள். எந்தத் துப்பும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். ஒன்று 60 ஆனால் தராசு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். எத்தனை மில்லிமீட்டர் குறையும் என்பதை அந்த எண் சொல்வதே இல்லை.

இன்னொன்று, பிஜி முழுவதற்கும் ஒரே மழை கிடையாது. பிரதான தீவான வீட்டி லேவுவின் தென்கிழக்கில் தலைநகர் சுவா. அங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும். மேற்கே நாடியில் (எழுத்தில்தான் நாடி, பேச்சில் நாந்தி) சராசரி 2,000-ஐத் தொடாது. சுவாவில் ஈரக் குடையோடு பஸ் ஏறுவேன். மேற்கே போகும் வழியில் சிங்கடோக்கா ஊரைத் தாண்டினால் ஜன்னலுக்கு வெளியே காய்ந்த புல் போர்த்திய குன்றுகள். தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் மழையை நடுவிலுள்ள மலைகளே வாங்கிக்கொள்கின்றன. செங்கோட்டைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கொட்டும்போது இந்தப் பக்கம் சாரலோடு திருப்திப்படும் தென்காசிக்காரர்களான எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரும்பு விளைவதோ அந்த வறண்ட மேற்கிலும் வடக்கிலும்தான். 1997-98 எல் நினோவில் (பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகும் காலம் அது) கரும்பு கருகி, அரசு உணவுப் பொருள் வழங்க வேண்டியதாயிற்று.

‘பசிபிக் தீவுகள் அனைத்தும் வறளும்’ என்ற உங்கள் செய்தியின் கடைசி வரியும் தவறு. எல் நினோவின்போது வெதுவெதுப்பான கடல்நீர் கிழக்கே நகர, மழை மேகமும் கூடவே போகிறது. பிஜி காயும்போது, நடுப் பசிபிக்கில் நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவு நாடான கிரிபாட்டியில் கொட்டித் தீர்க்கும். அவர்களுக்கு வறட்சி, எல் நினோவுக்கு நேர்மாறாக அந்தக் கடல் குளிரும் லா நினாவில்தான். 2022 ஜூனில் அங்கே வறட்சிக்காகப் பேரிடர் நிலை அறிவித்தது அப்படியொரு காலத்தில்தான்.

லவுடோகாவில் என் பக்கத்து வீட்டுக் கரும்பு விவசாயி, வானொலியில் மழை அறிவிப்பு வந்தால் ‘எங்கள் பக்கமா, சுவா பக்கமா?’ என்றுதான் முதலில் கேட்பார். பிறகு எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்ப்பார். திருத்தம் வெளியிடும்போது தலைப்பில் ‘வாய்ப்பு’ என்ற அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி