வெண்பனி நாளில் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டனில் வெண்பனி கொட்டுவது அரிது. கொட்டியது தரையில் தங்குவது அதைவிட அரிது. 2009 பெப்ரவரி 2ஆம் திகதி நகரத்து பஸ்கள் எல்லாம் நின்றுபோன காலை, 2010 டிசெம்பர், 2018இல் கிழக்குக் காற்றோடு வந்த கடுங்குளிர், 2022 டிசெம்பர் 11ஆம் திகதி இரவு என்று நல்ல பனிப்பொழிவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான்கு வயதுப் பிள்ளை தன் வாழ்நாளில் அப்படி ஒன்றைக்கூடக் காணாமல் இருந்திருக்கலாம். அந்த நாள் வரும்போது எங்கள் வீடுகள் பலவற்றில் பிள்ளை ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தியபடி நிற்கிறது. பள்ளிக்கூடமும் மூடியாயிற்று, வீட்டுக் கதவும் பூட்டு. கேட்டால், "பனிக்குள்ள போனால் சளி பிடிக்கும்."

இந்தப் பயம் எங்கள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறோம். ஊரில் பனி என்றால் மார்கழி, தை மாத விடியலில் இறங்கும் ஈரம். தலையை மூடு, முற்றத்தில் நிற்காதே என்று அம்மம்மாமார் சொன்னது அந்தப் பனிக்கு. இங்கே வானத்திலிருந்து கொட்டுவதற்கும் அதே பெயரை வைத்தோம், பழைய எச்சரிக்கையும் கூடவே ஒட்டிக்கொண்டது. சளியைக் கொண்டுவருவது வைரஸ் கிருமி. ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் இருமிக்கொண்டிருந்தால் அது இன்னும் சுலபமாகத் தொற்றும். வெளியே விளையாடும் பிள்ளையைப் பொறுத்தவரை நாம் பார்க்க வேண்டிய எதிரி ஈரம்தான். உடுப்பு நனையாமல் பார்த்துக்கொண்டால் மூன்று வயதுப் பிள்ளையும் இருபது நிமிடம், அரை மணி நேரம் சுகமாக விளையாடும்.

இதற்காகப் பனிச்சறுக்கு உடுப்பு வாங்கத் தேவையில்லை. உடம்போடு ஒட்டிய முதல் உடுப்பு பருத்தியாக இருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நனைந்த பனியனும் ஜீன்ஸும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். விளையாட்டுக்குப் போடும் பொலியெஸ்டர் மேற்சட்டை அல்லது மெல்லிய கம்பளி உள்ளே, அதற்கு மேல் ஃபிளீஸ் அல்லது ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலாக நேர்சரிக்குக் கொடுத்தனுப்பும் அதே மழை ஜக்கெட்டும் மழைக் காற்சட்டையும் போதும். காற்சட்டையின் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகிவிட்டால் பனி நேராகக் குதிக்காலுக்கு இறங்கும்.

ரப்பர் பூட்ஸ் நனையாது, ஆனால் சில்லென்று இருக்கும். அதற்காக இரண்டு தடித்த சொக்ஸைத் திணித்தால் கால் இறுகி, இரத்தம் ஓடாமல் இன்னும் குளிரும். உள்ளே விரல்களை ஆட்ட முடிகிறதா என்று பிள்ளையிடமே கேளுங்கள். பூட்ஸ் இல்லாத வீட்டில் சொக்ஸுக்கு மேல் பாண் பையை மாட்டி, அதற்கு மேல் சாதாரண சப்பாத்தைப் போடலாம் (பையைக் கையாள்வது பெரியவர் வேலை). கம்பளிக் கையுறை பத்து நிமிடத்தில் ஊறிவிடும். பெரும்பாலான பிள்ளைகள் அழுதுகொண்டு திரும்பிவருவது இதனால்தான். நீர் புகாத, நான்கு விரலும் ஒரே பைக்குள் அடங்கும் கையுறை நல்லது, விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும். கழுத்தைச் சுற்றும் நீண்ட சால்வை வேண்டாம். சறுக்கும்போது எதிலாவது மாட்டிக்கொண்டால் ஆபத்து. தலை வழியாகப் போடும் கழுத்துப் பட்டை போதும்.

உடுத்தும் ஒழுங்கும் முக்கியம். முதலில் பிள்ளையைக் கழிப்பறைக்கு அனுப்புங்கள். அடுத்து பெரியவர் முழுதாக உடுத்தித் தயாராகட்டும், பிறகுதான் பிள்ளை. ஹீற்றர் போட்ட வீட்டுக்குள் பிள்ளையை முதலில் மூட்டைபோலக் கட்டிவைத்தால் வியர்த்துவிடும். அந்த வியர்வை வெளியே போனதும் குளிர்ந்த ஈரமாகும். கையுறை எல்லாவற்றுக்கும் கடைசி.

தள்ளுவண்டியில் இருக்கும் கைக்குழந்தை கால் கை ஆட்டி ஓடுவதில்லை, அதனால் விரைவில் குளிர்ந்துவிடும். கையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள். பூங்காவுக்குக் காரில் போகிறவர்கள் தடித்த ஜக்கெட்டைக் கழற்றிவிட்டே பிள்ளையை இருக்கையில் கட்ட வேண்டும். ஜக்கெட்டுக்கு மேல் பட்டி இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், மோதும்போது பஞ்சு அமுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். பட்டியைப் பூட்டிய பிறகு மேலே போர்வையைப் போட்டுவிடுங்கள்.

குளிர் கடித்துவிட்டதா என்று பார்க்க, கன்னம் சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். எங்கள் பிள்ளைகளின் நிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். மூக்கு நுனி, காது மடல், விரல் நுனி ஆகியவை சாம்பல் பூத்ததுபோல் வெளிறியிருக்கிறதா, மெழுகுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். "விரலை மடக்கிக் காட்டு" என்று சொல்லுங்கள். மடக்க முடியாவிட்டால் உடனே உள்ளே. தேய்க்க வேண்டாம். உங்கள் கக்கத்தில் வைத்தோ இளஞ்சூட்டு நீரிலோ மெதுவாகச் சூடேற்றுங்கள். ரேடியேற்றரில் கையை வைக்க விடாதீர்கள். மரத்துப்போன விரலுக்குச் சுடுவது தெரியாது. நிறமும் உணர்வும் திரும்பாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இனி பனிமனிதன். லண்டனில் விழுவது பெரும்பாலும் பூச்சியப் பாகைக்கு அருகிலுள்ள ஈரப் பனி, உருட்டுவதற்கு ஏற்றது. பதம் பார்ப்பது புட்டு மாவுக்குப் பார்ப்பது போலத்தான்: கைப்பிடியாக அள்ளி அமுக்கினால் பிடிபட வேண்டும். அமுக்கியும் பொலபொலவென்று உதிர்ந்தால் குளிர் அதிகம், ஈரம் போதாது. கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசையலாம். முதலில் தேங்காய் அளவில் ஒரு உருண்டையை நன்றாக இறுக்கிப் பிடியுங்கள். புல்லின் மேல் உருட்டும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் திசையை மாற்றுங்கள். ஒரே திசையில் உருட்டினால் மேளம்போல நீண்டுவிடும். அறுபது சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள அடி உருண்டை நாற்பது கிலோவைத் தாண்டும். அதைப் பிறகு நகர்த்த முடியாது, ஆகவே மனிதன் எங்கே நிற்கப் போகிறானோ அங்கேயே அது உருண்டு முடியட்டும். மேல் தலையைத் தட்டையாக்கி, நாற்பது சென்ரிமீற்றரில் நடு உருண்டை, இருபத்தைந்தில் தலை. பொருத்துகளில் பனியை அப்பி அடைக்க வேண்டும். சரிந்து விழும் பனிமனிதர்களில் பெரும்பாலானவை இதைச் செய்யாமல் விட்டவை.

இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான் கொட்டியிருக்கிறதா? உருட்டினால் சேறும் புல்லும்தான் ஒட்டும். அந்த நாளுக்குக் குசினியில் புட்டுக் குழல் இருக்கிறது. கார் மேலும் சுவர் மேலும் இருக்கும் சுத்தமான பனியை வழித்துக் குழலில் இறுக்கி நிரப்பி, பின்னாலிருந்து தள்ளினால் வழுவழுப்பான உருளை வந்து நிற்கும். அதன் மேல் கையால் பிடித்த ஒரு தலை, மிளகு இரண்டு கண், கரட் துண்டு மூக்கு. தட்டில் வைத்து வாசற்படியில் நிறுத்தலாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆளுயரப் பனிமனிதனைவிட இதுதான் பிடிக்கும், தன் கையாலேயே செய்ய முடிகிறதல்லவா.

காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்குப் பனியை உள்ளே கொண்டுவாருங்கள். பாத்திரம் கழுவும் பேசின் நிறைய அள்ளி, பழைய துவாயின் மேல் வைத்து, கரண்டியும் கிண்ணமும் கொடுத்துவிடுங்கள். கண்ணாடிக் குவளை ஒன்றை விளிம்புவரை பனியால் நிரப்பி, உருகியதும் எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே கோடு போடச் சொல்லுங்கள். அமுக்காமல் நிரப்பிய புதுப் பனி என்றால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், மிச்சமெல்லாம் காற்று. ஈரப் பனியில் தண்ணீர் இன்னும் கூடுதலாக இருக்கும். பனி விழுந்துகொண்டிருக்கும்போது, ஒரு துண்டுக் கறுப்புத் துணியைப் பத்து நிமிடம் ஃபிரீசரில் வைத்தெடுத்து வாசலில் நீட்டுங்கள். சூடான துணியில் விழுந்த கணமே உருகிவிடுவது குளிர்ந்த துணியில் தங்கும், ஆறு கரங்களோடு நிற்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கலாம். அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1885இல் இவற்றை நுண்காட்டி வழியாகப் படமெடுத்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். உப்பையும் பனியையும் சேர்த்துக் கையில் பிடிக்கும் விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பு கலந்த பனி பூச்சியத்துக்குப் பல பாகை கீழே இறங்கித் தோலைப் புண்ணாக்கும்.

சறுக்குவதற்கு வெம்பிளி, அல்பெட்டன் பக்கத்தவர்களுக்கு ஹோர்செண்டன் மேடு இருக்கிறது. வடக்கே பார்லிமென்ட் ஹில், தென்கிழக்கே கிரீனிச் பூங்கா. தட்டையான பிளாஸ்டிக் தட்டு போதும். உட்கார்ந்து, கால் முன்னே, தலையில் சைக்கிள் தலைக்கவசம். சரிவின் அடியில் வீதி, மரம், வேலி, குளம் எதுவும் இருக்கக் கூடாது. குளம் உறைந்திருந்தால் கரையில்கூட விளையாட விடாதீர்கள். 2022 டிசெம்பரில் சொலிஹல் நகரில் உறைந்த ஏரிக்குள் விழுந்து நான்கு சிறுவர்கள் இறந்ததை மறக்க முடியாது.

காலையில் ஹீற்றர் நின்றுவிட்டால் பதறி ஆளைக் கூப்பிடுவதற்கு முன் வெளிச்சுவரைப் பாருங்கள். புதிய பொயிலர்களிலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் சுவர் வழியாக வந்து வடிகாலுக்குள் இறங்கும். அதற்குள் சொட்டும் நீர் உறைந்தால் பொயிலர் களகளவென்று சத்தமிட்டு நின்றுவிடும். பெரும்பாலும் வளைவிலோ நுனியிலோதான் உறையும். நிலத்தில் நின்றபடி எட்டுமென்றால் அந்த இடத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள், கொதிநீர் குழாயை வெடிக்கச் செய்யும். பிறகு பொயிலரின் மீள் இயக்கப் பொத்தானை அழுத்துங்கள். ஊற்றிய தண்ணீர் நடைபாதையில் உறையாதபடி உப்புத் தூவ வேண்டும்.

வாசலையும் விளையாட்டு முடிந்த கையோடு வழித்து, ஒரு சதுர மீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சாப்பாட்டு உப்பு தூவிவிடுங்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் அது கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் பனியாக மாறும். பனியை வழித்தால் விழுபவர் வழக்குப் போடுவார் என்ற கதையை நம்பிப் பலர் சும்மா இருக்கிறார்கள். கவனமாக வழித்தவர் மேல் வழக்கு வருவது மிக அரிது என்று அரசாங்கமே சொல்கிறது. முதல் நாளைவிட இரண்டாம் நாள் காலைதான் வழுக்கும், பகலில் உருகியது இரவில் இறுகிவிடுவதால். தாத்தா பாட்டிமார் அன்று வெளியே போகாமல் இருப்பது நல்லது. பிள்ளைகளை விட வேண்டிய நேரம் முதல் நாள் காலை, பத்து மணிக்கு முன், புல் இன்னும் வெள்ளையாக இருக்கும்போது.

பனிப்பொழிவு எச்சரிக்கை வரும்போதெல்லாம் பஸ், ரயில், பள்ளி மூடல் விபரங்களை உடனுக்குடன் தருகிறீர்கள், நன்றி. அடுத்த முறை அதன் கீழே பருத்தி வேண்டாம், கையுறை நீர் புகாததாக இருக்கட்டும், உறைந்த குளத்தின் பக்கம் போகாதீர்கள் என்ற மூன்று வரிகளையும் சேர்த்துப் பிரசுரிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியைகள் இருவர்,
வடமேற்கு லண்டன்